விலை இறங்காத வண்டி

ஸ்போர்ட்ஸ் கார் ஷோரூம் வாசலைத் தாண்டினாலே விலை சரியும் என்பார் கார் தரகர். இந்தச் சிவப்பு வண்டிக்கு மட்டும் எட்டு வருஷம் கழித்தும் சந்தையில் புது விலை. ஆனால் அதை விற்கும் கிழவியோ, "குடுக்கிறதக் குடுங்க, உடைச்சுப் போட்டாலும் சரி. ஓட்டிப் பார்க்க மட்டும் வேணாம்" என்று போனிலேயே சொல்லிவிட்டாள்.

ஓட்ட வேண்டாம் என்றாலே எஞ்சினில் வில்லங்கம். தொழிலில் ஊறிய தரகருக்கு இதுகூடத் தெரியாதா? அவர் பேச்சுக் கொடுப்பார். மெக்கானிக்கான தம்பி சத்தமில்லாமல் ஒரு ரவுண்டு போய்வருவான். எத்தனையோ வீட்டில் பலித்த வித்தை.

பழைய வீடு. பட்டப்பகலிலும் கூடத்தில் விளக்கு எரிந்தது. வண்டி நின்றது பின்பக்கக் கொட்டகையில், சாவியோடு. ஆனாலும் சூடான எஞ்சின் வாசனை சோபாவில்கூட ஊறியிருந்தது.

"நல்ல வண்டிய ஏம்மா விக்கிறீங்க?"

அவள் வாய் திறக்குமுன் பின்னால் எஞ்சின் உறுமியது.

"யாரு எடுத்தது?"

"நம்ம தம்பிதாங்க. அடுத்த மாசம் கல்யாணம், இப்பவே கால் தரையில நிக்கல" என்று சிரித்துச் சமாளித்தார்.

கிழவி சிரிக்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எனக்கு என்ன வயசு இருக்கும்?"

பஞ்சாய் நரைத்த தலை. சுருங்கிய கழுத்து. "எழுபது இருக்குமாம்மா?"

"முப்பத்தொண்ணு."

வெளியே சத்தம் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அந்த வண்டி தேயாது சார். ஓட்ட ஓட்ட மீட்டர் பின்னாடி போகும்" என்று கிசுகிசுத்தாள். "தேயறது ஓட்டறவங்கதான்."

நல்ல பைத்தியத்திடம் மாட்டினோம் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே போனை எடுத்தார்.

"டேய், நிறுத்துடா!"

"பறக்குதுண்ணே! இன்னும் ஒரே ஒரு..."

இருமல்.

"...ஒரே ஒரு ரவுண்டு."

குரல் கரகரத்திருந்தது.

தரகர் வாசலுக்கு ஓடினார். ஐயோ, பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த தம்பி! அனுப்பியது நான்தானே!

வண்டி பளபளவென்று உள்ளே வந்து நின்றது.

கதவு திறந்தது.

யாரும் இறங்கவில்லை.

ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. நரம்பு புடைத்த கை. வாட்ச் மணிக்கட்டில் தொளதொளவென்று தொங்கியது.

"கையக் குடுண்ணே. சீட்டு ரொம்பத் தாழ்வா இருக்கு, எந்திரிக்க முடியல."

தரகர் அவனை அள்ளித் தூக்கினார். கனமே இல்லை. கடைசி நாட்களில் அப்பாவை இப்படித்தான் தூக்கினார். அடக்கமாட்டாமல் அழுதார்.

"ஏண்ணே அழற? வண்டி புத்தம் புதுசு மாதிரி இருக்கு. விட்டுடாத."

தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, எட்டிச் சாவியைப் பிடுங்கினார். எஞ்சின் அடங்கியது.

அந்த அமைதியில் காலி சீட்டு மெல்லப் பின்னால் நகர்ந்தது. நெட்டையான தரகரின் கால் நீளத்துக்குச் சரியாக வந்து நின்றது.