புட்டிக்குள் ஏறிய நிழல்

மஞ்சள் திரவம் மறுபடியும் கறுக்கத் தொடங்கியது.

யாரும் அதைத் தொடவில்லை. முதலில் புட்டியின் அடியில் ஒரு நிழல் விழுந்தது. பிறகு அது மெல்ல மேலே ஏறியது. பார்த்துக்கொண்டிருந்த ஜியாலின் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"இதோட மூணு தடவை," என்றாள் அம்மா. அழுதுவிடுவாள் போலிருந்தது.

அம்மாவுக்கு தைனான் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை. கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துகள்களைத் தண்ணீரில் உருவாக்குவாள். மஞ்சளாக இருக்கும்வரை அவை கிருமிகளை ஒரு கை பார்த்துவிடும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கறுத்துவிடும், அப்புறம் பயனில்லை. அந்தத் திரவத்தில் தோய்த்துத்தான் தீக்காயத்துக்குக் கட்டுத்துணி செய்கிறாள். நாளைக் காலைச் சோதனையும் தோற்றால் அந்த வேலையையே நிறுத்திவிடுவார்கள்.

விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது.

"பேயா இருக்குமோ?" என்றாள் ஜியாலின்.

"ஸ்ஸ்! பேரைச் சொல்லாத பாப்பா!" புட்டி கழுவும் ஆக்குன் மாமா பதறினார். "இது ஏழாம் மாசம், செத்தவங்க வெளிய வந்து சுத்துற மாசம். 'நல்ல அண்ணனுங்க'ன்னு சொல்லு. காதுல விழுந்தா வந்து நிப்பாங்க!"

ஜியாலினுக்கும் பயம்தான். ஆனால் பேய்க்கு எதற்கு வெள்ளித் தண்ணீர்?

அம்மா திரவம் தயாரித்த புதுக் குவளையை ஜியாலின் பார்த்தாள். அதில் மிச்சமிருந்தது இன்னும் பளிச்சென்று மஞ்சளாகவே இருந்தது. கழுவிய புட்டியில் ஊற்றியது மட்டும்தான் கறுத்திருந்தது.

கழுவி வைத்த இன்னொரு புட்டியைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது.

"மாமா, சட்டைப் பையில என்ன அது, புடைப்பா?"

"உப்பு." மாமா பையைக் கையால் மூடிக்கொண்டார். "கடைசியாக் கழுவுற தண்ணில ஒரு பிடி போடுவேன். உப்பு இருந்தா அவங்க கிட்ட வரமாட்டாங்கல்ல? அப்பவும் கறுத்துச்சு. அதான் இன்னிக்கு ரெண்டு பிடி..."

ஜியாலின் அம்மாவிடம் கேட்டு, மிச்சமிருந்த மஞ்சள் திரவத்தில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டாள். மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

நிழல் ஏறியது.

"ஐயையோ, நானேதானா?" மாமாவின் கண் கலங்கிவிட்டது. "இனி உங்கம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

ஜியாலின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா நம்மளைக் காப்பாத்தத்தாம்மா போட்டாரு. மாமா, இனிமே புட்டிக்குள்ள எதுவும் வேணாம். அந்தக் கிருமி வளர்க்கிற பெட்டி மேல ஒரு பச்சைப் பொட்டலம் வச்சிடலாம்."

அந்த ஆய்வுக்கூடத்தில் இயந்திரங்கள் மக்கர் பண்ணாமலிருக்க, ஒவ்வொன்றின் தலையிலும் பச்சைப் பொட்டலத்தில் தின்பண்டம் வைப்பார்கள். கிருமி வளர்க்கும் பெட்டிக்கு மட்டும் யாரும் வைத்திருக்கவில்லை.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பிடியா போட்டீங்க? உப்பு பட்டா துகளெல்லாம் ஒட்டிக்கும். சரி, சுத்தத் தண்ணில கழுவிக் கொடுங்க."

அம்மா புதிதாகத் தயாரித்து ஊற்றிய திரவம் அன்று மாலைவரை மஞ்சளாகவே இருந்தது. அதில் தோய்த்த துணித்துண்டு ஒன்றைக் கிருமிகளைத் தடவிய தட்டின் நடுவில் வைத்து, அம்மா தட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். ஜியாலின் அதன் மேல் பச்சைப் பொட்டலத்தை வைத்தாள்.

காலையில் தட்டு முழுக்கக் கிருமிகள் வெள்ளையாகப் படர்ந்திருந்தன. துணியைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டாற்போல் ஒரு வட்டம். அங்கே ஒரு கிருமிகூட இல்லை! அம்மா ஜியாலினைக் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் மாமா பெட்டியின் மேலே கை காட்டினார். பச்சைப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. பாதியைக் காணோம்.

"நீயா பாப்பா?"

"நான் இல்லையே! நீங்களா?"

அம்மாவும் தலையசைத்து மறுத்தாள். விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது.

ஜியாலின் மெல்ல அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"மிச்சத்தையும் சாப்பிடுங்க, நல்ல அண்ணனுங்களா," என்றாள்.