இன்னும் வராத தை

ஜெயலட்சுமி கொண்டுவந்த கடிதத்தை லீலாவதி இரண்டு விரல்களால் பிடித்துப் படித்தார். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிறவர்களும் அப்படித்தான் பிடிப்பார்கள்.

"விசுவாவசு வருடம், தை 10. என் அன்பிற்குரிய வாழ்க்கைத் துணைவிக்கு, என் காலத்திற்குப் பின் நீ முதியோர் இல்லத்தில் சேர்ந்து அமைதி காண்பாயாக. வீடு ஜெயந்துக்கு."

கம்ப்யூட்டரில் அடித்த எழுத்து. கீழே ஜெயலட்சுமியின் மறைந்த கணவர் பாலசுப்ரமணியத்தின் கையெழுத்து மட்டும் பேனாவில்.

"கையெழுத்து அவரோடதுதான் லீலா," என்றார் ஜெயலட்சுமி. "லீவ் லெட்டர்லகூடத் தமிழ்த் தேதி போடுவார், ஆபீஸ்ல திருப்பி அனுப்புவாங்க. என்னை 'இந்தா'ன்னுதான் கூப்பிடுவார், முப்பத்தெட்டு வருஷமா. போகச் சொன்னா நாளைக்கே போயிடறேன். ஆனா அவரே என்னை வேண்டாம்னு எழுதினாரா? அதை மட்டும் சொல்லு."

லீலாவதி மத்திய அரசில் விடுமுறைப் பட்டியல் தயாரித்தே ஓய்வு பெற்றவர். அவருடைய கீழ் வீட்டு அருள்ராஜ் முன்னாள் ராணுவ சுபேதார். யாரையாவது துரத்த வேண்டியிருக்கும் என்று ஷூ போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினார்.

டெல்லி கரோல் பாக்கில் ஜெயலட்சுமியின் வீட்டில் மகன் ஜெயந்த் கைகூப்பினான். "பைட்டியே ஆன்ட்டி, உட்காருங்க. அப்பா ஜனவரியிலே எழுதினது. பிப்ரவரியிலே போயிட்டார். அவர் ஆசை, நான் என்ன பண்ண?" குரலில் வழிந்த பாசத்தைத் துடைக்கத் துண்டு தேவைப்பட்டது.

மருமகள் ஸ்வப்னா தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

அருள்ராஜ் லீலாவதியின் காதருகே குனிந்தார். "மேடம், பையனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும். மருமகதான் மதுரைக்காரி. புடிச்சிடவா?"

"உட்காருங்க சுபேதார்." லீலாவதி காலண்டரைப் பார்த்தார். ஆகஸ்ட் 10, விசுவாவசு, ஆடி 25. "தினமும் நீதான் கிழிப்பியாம்மா?"

"ஆமா ஆன்ட்டி. இவர் அந்தப் பக்கமே பார்க்க மாட்டார்."

"ஆஸ்பத்திரியிலே மாமனார் ஏதாவது கையெழுத்துப் போட்டாரா?"

"இன்ஷூரன்ஸுக்குன்னு மூணு வெத்துத் தாள்ல இவர்தான் வாங்கினார். ரெண்டுதான் ஆபீசுக்குப் போச்சு."

"ஜெயந்த், தமிழ் வருஷம் எப்போ பிறக்கும்?"

"வருஷம்னா... ஜனவரிதானே?"

"ஏப்ரல் பதினாலு. இந்த ஜனவரியில நடந்தது குரோதி வருஷம். விசுவாவசு பிறக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே உங்கப்பா போயிட்டார். அதோட தை மாசம் இன்னும் வரவே இல்லை, அடுத்த ஜனவரியிலதான் வரும்."

"செத்தவர் வரப்போற தேதியில லெட்டர் எழுதியிருக்கார்!" என்றார் அருள்ராஜ்.

"தினமும் தாள் கிழிக்கிற பொண்ணுக்கு ஏப்ரல்ல பேர் மாறினது தெரியும். 2025க்கு என்ன தமிழ் வருஷம்னு போன்ல ஏஐகிட்டக் கேட்டவனுக்குத்தான் முழு வருஷத்துக்கும் ஒரே பேர். லெட்டரையும் போனே எழுதிக் கொடுத்திருக்கு. 'இந்தா'ன்னு கூப்பிட்டவர் செத்தாலும் 'அன்பிற்குரிய வாழ்க்கைத் துணைவி'ன்னு எழுத மாட்டார். அப்பாவோட மூணாவது கையெழுத்து மேல அம்மாவைத் துரத்தற லெட்டரைப் பிரிண்ட் போட்டிருக்கே. சீ."

"அரே ஆன்ட்டி, ஒரு வருஷப் பேருக்குப் போய்... அம்மா நல்லதுக்குத்தானே செஞ்சேன்! அங்க ஏசி ரூம், டெய்லி யோகா."

லீலாவதி கடிதத்தை மேஜையில் போட்டுவிட்டுக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார், ஒவ்வொன்றாக.

ஜெயலட்சுமி மகன் பக்கம் திரும்பவில்லை. "அப்ப அவர் எழுதலை."

"எழுதலை."

ஆறு மாதங்களில் முதல்முறையாக ஜெயலட்சுமி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு கையை நீட்டினார்.

"வீட்டுச் சாவியை வெச்சுட்டுக் கிளம்பு."

ஜெயந்த் சாவியை வைத்துவிட்டு, மனைவியும் கூட வருவாள் என்று பார்த்தான்.

"செருப்பு வெளியே இருக்கு," என்றாள் ஸ்வப்னா.