சத்தமில்லாத ஒழுங்கை

கூரைத் தகரத்தில் பந்து விழுந்தது. இடி விழுந்ததுபோல் இருந்தது.

கனிசியஸ் பாயை விட்டு எழுந்தான். விடிய விடியக் கடலில் நின்றுவிட்டு வந்து படுத்தவன். கண் இரண்டும் உப்புப் பட்டதுபோல் எரிந்தன. முற்றத்தில் ஒரு சிவப்புப் பந்து உருண்டுகொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் முன்பள்ளி. அங்கே பிள்ளைகளின் கூச்சல்.

பந்தை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனான். தூறல் தொடங்கியிருந்தது.

வேலிக்கு மேலாக ஒரு முகம்... புது டீச்சர். பெயர் லவீனா, பாசையூரிலிருந்து சைக்கிளில் வருகிறவள் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தான். நெற்றியில் ஒரு மழைத்துளி. இமையில் இன்னொன்று... துடைக்காமல் அவனையே பார்த்தாள்.

"அண்ணை, பந்தைத் தாறியளே?"

"இதென்ன பள்ளிக்கூடமோ, மீன் சந்தையோ?"

"சந்தையெண்டா விலை கேட்பியள். நீங்கள் ஏசுறியள்."

அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் கிளுக்கென்று சிரித்தன. அவனுடைய உதடும் அசையப் பார்த்தது. அசையவில்லை.

"பந்து வராது."

"பிறகு எப்ப வரும்?"

"வராது எண்டா வராது."

திரும்பி நடந்தான். அவளுடைய கண்கள் பெரியவை என்று கவனித்துவிட்டதில் தன்மேலேயே எரிச்சல் வந்தது. ரெஜினா போன பிறகு அவன் ஒருவருடைய கண்ணையும் பார்த்துக் கதைத்ததில்லை.

ரெஜினா அவன் மனைவி. போன மாரியில் டெங்குக் காய்ச்சலில் இறந்தாள். அதைப்பற்றி அவன் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை.

அந்த வாரம் ஓர் இரவு, படகின் இயந்திரத்தைப் பிடித்தபடியே அவன் தூங்கிவிட்டான். படகு கற்பாறையை நோக்கிப் போனது. படகுக்காரர் சிமியோன் கன்னத்தில் அறைந்து எழுப்பினார்.

"டேய், சாக ஆசையெண்டாத் தனியச் சா. எனக்குப் பிள்ளையள் இருக்கு."

"பகலிலை நித்திரை இல்லை அண்ணை. உந்தப் பிள்ளையளின்ரை சத்தம்..."

முன்பள்ளியை நடத்தும் சனசமூக நிலையத்துக்குச் சிமியோன்தான் தலைவர். மறுநாளே சொல்லிவிட்டார். காலையில் பிள்ளைகள் வெளியே விளையாடக் கூடாது.

லவீனா அவன் வீட்டு வாசற்படலைக்கு வந்தாள். இந்தமுறை அண்ணை என்று கூப்பிடவில்லை.

"பின்னேரம் பள்ளி இல்லை. காலமையை விட்டா அதுகளுக்கு வேறை நேரமில்லை. வீடுகளிலை ஓட இடமுமில்லை. நாலு வயசுப் பிள்ளையைக் கட்டியே வைக்கிறது?"

"நித்திரை கொள்ளாட்டி நான் கடலிலை சாவன்."

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவனுக்கே உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். முகம் மாறியது... இரங்கப் போகிறாள். அந்த இரக்கம் அவனுக்குப் பயமாக இருந்தது. அவசரமாக இன்னொன்றையும் சொல்லிவிட்டான்.

"பிள்ளையளை அடக்கத் தெரியாட்டி வேறை வேலை பாருங்கோ."

அவள் நிமிர்ந்தாள்.

"சரி. இனி உங்களுக்கு ஒரு சத்தமும் வராது."

சொன்னபடியே செய்தாள்.

திங்கட்கிழமை காலை. கனிசியஸ் திடுக்கிட்டு விழித்தான். ஏதோ நடந்துவிட்டது... என்ன? காதைக் கொடுத்தான். பிள்ளைகள் இல்லை. ரேடியோ இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

அந்தச் சின்னத் தெருவில், அந்த ஒழுங்கையில், காலை ஒருபோதும் ஊமையாக இருந்ததில்லை. ஒரேயொரு காரணத்துக்குத்தான் அது அடங்கும். கடலில் யாராவது இறந்துபோனால், ஆஸ்பத்திரியிலிருந்து சாவுச் செய்தி வந்தால், ரேடியோக்கள் நிற்கும். பெண்கள் பிள்ளைகளை உள்ளே கூட்டிக்கொள்வார்கள். உரியவர் காதில் செய்தி விழும்வரை ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

போன மாரியிலும் அப்படித்தான் கிடந்தது. "காய்ச்சல் விட்டிட்டுது, நீங்கள் தொழிலுக்குப் போங்கோ" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ரெஜினாதான் அவனை அனுப்பிவைத்தாள். அன்று நல்ல மீன். விடியத் திரும்பி வந்தபோது ஒழுங்கையில் ஒரு சத்தமும் இல்லை. பாவம், எந்த வீடோ என்று நினைத்தான். தன் படலையைத் தாண்டிப் போய், சாவு யாருடைய வீட்டில் என்று மூலைக் கடைக்காரரிடம் கேட்டான். "ஆற்றை வீடு?"

அவர் எழுந்து வந்தார். அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது கனிசியஸ் இடுப்பில் கட்டிய சாரத்தோடு எழுந்து ஓடினான். மழை வெறும் மேலில் அடித்தது. முன்பள்ளிக் கதவைத் தள்ளினான்.

"ஆர்? ஆருக்கு என்ன?"

பிள்ளைகள் பாயில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் உதட்டிலும் ஒரு விரல்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை" என்றாள் லவீனா விறைப்பாக. "நீங்கள்தானே கேட்டனீங்கள்? வீடு வீடாப் போய் ரேடியோவையும் நிப்பாட்டச் சொன்னன். இப்ப சந்தோசம்தானே..."

அவன் முகத்தை அப்போதுதான் பார்த்தாள்.

அவன் சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டான். அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். வாத்துப் படம் போட்ட சின்னக் கோப்பை. இரண்டு மிடறுதான் கொண்டது. குடித்துவிட்டுச் சொன்னான். நல்ல மீன் பட்டது, படலையைத் தாண்டிப் போனது, ஆற்றை வீடு என்று கேட்டது... முதல்முறையாக ஒருவருக்குச் சொன்னான். அவனுக்கு அழுகை வரவில்லை. அவளுக்கு வந்தது.

"அப்பா கடலிலை செத்துப்போன அண்டைக்கும் எங்கடை ஒழுங்கை இப்பிடித்தான் கிடந்தது" என்றாள். "எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும்... கோவத்திலை யோசிக்கேல்லை."

ஒரு சின்னப் பெண் உதட்டிலிருந்து விரலை எடுத்தாள்.

"மாமா... பந்து?"

"தாறன்" என்றான்.

மறுநாள் பின்னேரம் பந்தோடு ஒரு பழைய வலையும் கொண்டுவந்தான். பிள்ளைகள் போய்விட்டிருந்தன. அவள் அவனுக்காகக் காத்திருக்கவில்லை என்பதுபோல் பாயை இரண்டாம் தரமும் மடித்துக்கொண்டிருந்தாள்.

வேலி நெடுக வலையை உயர்த்திக் கட்டினார்கள். கயிற்றின் மற்ற நுனி அவள் கையில்.

"வலையிலை பந்து பிடிக்கிற ஆளை இப்பதான் பாக்கிறன். ஊர் சிரிக்கப்போகுது."

"சிரிக்கட்டும். பலமாச் சிரிக்கட்டும்."

"ஓட்டமும் பந்தும் அங்காலை பூவரசடியிலை. உங்கடை பக்கம் பாட்டு மட்டும். பாட்டுக்கு நித்திரை வருமோ?"

"ஆர் பாட்டுப் படிக்கிறது எண்டதைப் பொறுத்தது."

அவள் குனிந்துகொண்டாள். கன்னத்தில் தூறல்... அவன் கடைசி முடிச்சைப் போட்டான். அதைப் பார்த்தபடியே சொன்னான்.

"லவீனா... கார்த்திகையிலை ரெஜினாவின்ரை வருசப் பூசை. அதுக்கு முதல் ஒண்டும் கேட்கமாட்டன். முடிய வந்து கேட்பன்."

"என்னத்தை?"

"உங்களை."

கயிறு அவள் கையில் இறுகியது. மறுபடியும் அந்த அமைதி...

"கடலுக்குப் போறவனைக் கட்டமாட்டன் எண்டு அம்மா என்னட்டைச் சத்தியம் வாங்கினவ" என்றாள்.

"ஓம். அவ வாங்குவா."

"எண்டாலும் வாங்கோ. வந்து அம்மாவைக் கேளுங்கோ. நானும் பக்கத்திலை நிப்பன்."

அவன் தலையாட்டினான்.

"கார்த்திகை வரைக்கும் நான் என்ன செய்யிறதாம்?" என்று கேட்டாள்.

இந்தமுறை அவன் கண்ணை எடுக்கவில்லை.

"சத்தம் போட்டுக்கொண்டிருங்கோ."