சுடலைமணிக்கு ஒரு விசைப்பலகை

காலையில் பால் வாங்கப் போனால் முதலில் ஒரு வரி தட்ட வேண்டும். தூத்துக்குடி மூன்றாம் கடற்சுவர்த் தெருவில், பால் நிலையத்தின் சன்னலில் ஒரு விசைப்பலகை பதித்திருந்தார்கள். திரையில் அன்றைக்கு என்ன வரி வருகிறதோ அதைத் தட்டினால் போதும். ஆக்னஸ் தட்டினாள், பச்சை விளக்கு எரிந்தது, பால் வந்தது. அவளுக்குப் பின்னால் நின்றவர் ஈரக்கையோடு தட்டிச் சிவப்பு வாங்கிக்கொண்டு, கையை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி தட்டினார்.

இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. முகம், குரல், ரேகை, கண்மணி என்று எல்லாவற்றையும் இயந்திரங்கள் அச்சு அசலாகச் செய்து காட்டிவிட்ட பிறகு, மனிதனுக்கென்று மிஞ்சியது அவன் விரல்களின் கதி மட்டும்தான். ஒரு விசையிலிருந்து அடுத்த விசைக்குப் போக ஒவ்வொரு விரலும் எடுத்துக்கொள்ளும் நேரம். அதற்குக் கைத்தாளம் என்று பெயர் வைத்து, ஒரு தாளப் பதிவகம் திறந்து, பதிவகத்தின் முத்திரைச் சிப் இல்லாத விசைப்பலகை செல்லாது என்று சட்டமும் போட்டார்கள். கைத்தாளத்தில் எழுதியது மெய். வாயால் சொன்னதும் படம் பிடித்ததும் சும்மா. பாலுக்கு ஒரு வரி போதும், நீதிமன்றத்துக்கு நூறு வரி.

எல்லாருடைய கையும் ஒரே மாதிரி இருப்பதில்லை அல்லவா? விபத்தில் விரல் போனவர்கள், வாதம் வந்தவர்கள், கை சிறுத்தவர்கள் ஆகியோருக்காக அளவெடுத்துச் சிறிய விசைப்பலகை செய்து கொடுப்பது ஆக்னஸின் தொழில். சிப் பதிவகத்துடையது, அதை யாரும் தொட முடியாது. ஆனால் அந்தச் சிப்பையும் விசைகளையும் இணைக்கிற சுற்றுப்பலகை, அதில் ஓடும் செம்புத் தடங்கள், விசைக்கு ஒன்றாக உட்காரும் டயோடுகள், இவை அவளுடையவை. அந்த ஊரில் அவளைவிட நன்றாகத் தடம் வரைய ஆள் கிடையாது. அவளே அப்படித்தான் சொல்லிக்கொள்வாள், அது உண்மையும்கூட.

ஆவணி மாதத்தில் ஒரு முற்பகல், கடல் ஊருக்குள் ஏறாமல் காக்கும் கடற்சுவரின் நான்காம் கதவுக்கு அதிகாரியான சுடலைமணி அவள் பட்டறைக்கு வந்தார். வலக்கை துவண்டிருந்தது.

"ரெண்டு விரலு மடங்க மாட்டேங்கு தாயி. ஆஸ்பத்திரியில இனிமே இப்படித்தான்னுட்டாவ. ஆபீஸ் பலகை எனக்குத் தோதுப்படல. சின்னதா ஒண்ணு செஞ்சு தாங்க."

"உக்காருங்க சார்" என்றாள் ஆக்னஸ். அவள் குரல் நடுங்கவில்லை. ஒன்பது வருடமாக அந்தக் குரலைத் தயார் செய்து வைத்திருந்தாள்.

ஒன்பது வருடங்களுக்கு முன், புயல் வந்த அன்று, நான்காம் கதவின் உட்புறப் பம்பு அறையில் வேலை செய்துகொண்டிருந்தவன் அவள் தம்பி ஜெரால்டு. 'உள்ளே யாரும் இல்லை, கதவை மூடலாம்' என்று ஆணை எழுதியவர் சுடலைமணி. போய்ப் பார்க்காமல் எழுதினார். உள்ளே ஏறிய கடல் ஜெரால்டின் உடலைக்கூட மிச்சம் வைக்கவில்லை. 'அக்கா, கதவ மூடுதாவ, நான் உள்ளதான் இருக்கேன்' என்று ஜெரால்டு அனுப்பிய செய்தி ஆக்னஸின் கைபேசிக்கு வந்தது. ஆனால் கைபேசியில் வந்ததை யார் வேண்டுமானாலும் இட்டுக்கட்டலாம். அதிகாரியின் ஆணையோ சுத்தமான கைத்தாளத்தில் இருந்தது. ஜெரால்டு அன்று வேலைக்கே வரவில்லை, எங்கோ ஓடிப்போய்விட்டான் என்று கோப்பை மூடினார்கள். பதவியில் இருக்கும் அதிகாரியின் கைத்தாளத்துக்கு எதிராகக் குடிமக்களின் கைத்தாளம் செல்லாது என்பது விதி. அவர் பதவி இழந்தால் மட்டுமே அவளுடைய சாட்சியம் ஏறும். அந்த நூறு வரிகளை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள்.

இப்போது அந்த மனிதர் அவள் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டுகிறார். தம்பியைக் கொன்றவனுக்கு அக்காவை அடையாளம்கூடத் தெரியவில்லையே என்று ஆக்னஸுக்கு வயிறு எரிந்தது. விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு அளவெடுத்தாள். அருவருப்பாக இருந்தது. அளவு மட்டும் மில்லிமீட்டர் பிசகவில்லை.

முப்பத்திரண்டு விசைகள் போதும் என்று முடிவு செய்தாள். நான்கு வரிசை, எட்டு நெடுவரிசை. தடங்களை வரையும்போது மூன்று நெடுவரிசைகளில் மட்டும், டயோடுக்குப் பக்கத்தில் கடுகளவு கெபாசிட்டர் ஒன்றைச் சேர்த்தாள். மின் இரைச்சலை அடக்குவதற்கு எல்லாரும் வைப்பதுதான், சோதனைக்கு வருகிறவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் அவள் வைத்த அளவில் அந்த விசைகள் சில மில்லிநொடி தாமதமாகப் பேசும். மனிதனுக்கு அது தெரியாது, விரலுக்குத் தெரியும். தாமதிக்கும் விசையை விரல் தானாகவே சற்று முந்தி அழுத்தப் பழகும். தாமதமும் முந்தலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால், அந்தப் பலகையில் சுடலைமணி சுடலைமணியாகவே இருப்பார். வேறு எந்தப் பலகையில் கை வைத்தாலும் முந்தல் மட்டும் மிஞ்சும். மார்கழியில் அதிகாரிகள் எல்லாரும் பதிவகத்துக்குப் போய், அங்குள்ள பொதுப் பலகையில் தாளத்தைப் புதுப்பிக்க வேண்டும். அங்கே அவர் யாரோ ஒருவர் ஆகிவிடுவார்.

"நீரு யாருன்னே தெரியாமப் போகட்டும்வே" என்று சால்டரிங் புகைக்கு நடுவே அவள் வாய்விட்டே சொன்னாள். சொல்லச் சொல்ல இனித்தது.

முதல் பலகையில் தாமதம் அதிகமாகிவிட்டது, கையில் உறுத்தியது. இரண்டாவதில் மோதிர விரலின் நெடுவரிசை பிசகியது. மூன்றாவது வெண்ணெய் மாதிரி வந்தது. பலகை செய்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, கை பழக்குதல் என்பார்கள். புதுச் சுவிட்சுகள் முரடாக இருக்கும், ஒப்படைக்கும் முன்பு செய்தவளே லட்சம் முறை தட்டி அவற்றை இளக்கித் தர வேண்டும். சிப்பில் எண்ணிக்கை விழும், ஏமாற்ற முடியாது. இளகிய பிறகுதான் குறை தெரியும் என்பதால் ஆக்னஸ் மூன்று பலகைகளுக்கும் லட்சம் லட்சமாகத் தட்டினாள். தட்டியதெல்லாம் அந்த நூறு வரிகளைத்தான். வேறு எதைத் தட்டுவாள்?

ஒப்படைத்த அன்று சுடலைமணி இடக்கையால் மெல்லத் தட்டிப் பார்த்தார்.

"பூப்போல இருக்கு தாயி. இதுல எழுதினா நல்லபடியா எழுதிருவேன்."

"எழுதுங்க சார்" என்றாள்.

மார்கழி பத்தாம் தேதி பதிவகம் அவரை நிராகரித்தது. மூன்று முறை தட்டவைத்தார்கள், மூன்றும் சிவப்பு. கைவாதத்தில் தாளம் அழிந்துவிட்டது என்று எழுதி, அவருடைய பதிவை ரத்துசெய்து, வேலையை விட்டு அனுப்பினார்கள். புதுத் தாளம் பதியலாம்தான். ஆனால் பதிந்த நாளுக்கு முன்னால் நடந்த எதைப் பற்றியும் அந்தத் தாளம் பேச முடியாது. செய்தி கேட்ட அன்று ஆக்னஸ் விளமீன் வாங்கிக் குழம்பு வைத்து வயிறாரச் சாப்பிட்டாள். ஒன்பது வருடத்தில் அன்றுதான் சோறு ருசித்தது.

மறுநாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு நீதிமன்றச் சாட்சியப் பிரிவுக்குப் போனாள். பொதுப் பலகை முன் உட்கார்ந்து நூறு வரிகளையும் ஒரு பிழையில்லாமல் தட்டினாள். சிவப்பு எரிந்தது.

"இன்னொரு தடவ தட்டுங்க மேடம்" என்றார் எழுத்தர்.

மறுபடி சிவப்பு. மூன்றாம் முறை தட்டும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. இடது மோதிர விரல் முந்திக்கொண்டு ஓடியது, பிடித்து நிறுத்த முடியவில்லை. மூன்று லட்சம் முறை அவள் பழக்கியது சுவிட்சுகளை மட்டுமல்ல. விஷம் வைத்த குழம்பைத் தானே மூன்று தரம் ருசி பார்த்திருக்கிறாள். பாலுக்கு வரும் ஒற்றை வரி அதைப் பிடிக்கவில்லை, நூறு வரி பிடித்துவிட்டது.

"இது ஆக்னஸோட தாளம் இல்லியே. நீங்க யாரு?" என்றார் எழுத்தர். கோபமாகக் கேட்கவில்லை, படிவத்தில் நிரப்புவதற்காகக் கேட்டார். அவளுடைய பதிவும் ரத்தானது.

நான்கு நாள் கழித்து, சாயங்காலம் சுடலைமணி பட்டறைக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"ஆக்னஸு, நீங்க ஜெரால்டோட அக்கான்னு எனக்கு மொதல்லயே தெரியும். தெரிஞ்சுதான் உங்ககிட்ட செய்யக் கொடுத்தேன்."

அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"நான் உள்ள போய்ப் பாக்கல. மழையில எறங்கச் சோம்பப்பட்டு எழுதிட்டேன். கை முழுசா போறதுக்குள்ள உண்மைய எழுதிரணும்னு நெனச்சேன். உங்க கையால செஞ்ச பலகையிலதான் எழுதணும்னு ஒரு இது. இப்ப பதிவு போச்சு. பலகையும் பூட்டிக்கிட்டு. எதுல எழுதட்டும்?"

அவர் எழுத நினைத்ததை எழுத முடியாமல் செய்தது அவள் வைத்த கெபாசிட்டர். தம்பி எப்படிச் செத்தான் என்று உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும், இரண்டு பேர் கையும் இப்போது செல்லாக் கை. நெஞ்சில் ஓங்கி அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. பிறகு அவள் நாட்களை எண்ணிப் பார்த்தாள்.

"புரட்டாசியில பலகைய வாங்கிட்டுப் போனீரு. மூணு மாசம் இருந்துச்சே உமக்கு! மூணு மாசமா என்னத்தப் பண்ணிக்கிட்டிருந்தீரு?"

"தெனமும் அது முன்னாடி உக்காருவேன். மொத வரி தாண்டல. வேலை போயிரும், பிள்ளைக முகத்துல எப்படி முழிக்கன்னு..." அவர் முடிக்கவில்லை. "மன்னிச்சிருங்க."

"மன்னிக்க மாட்டேன்" என்றாள். "அந்தப் பலகையில நான்தான் சூது வச்சேன், அதையும் தெரிஞ்சுக்கிடும். உம்ம கைய அழிச்சது நான். எழுதத்தான முடியாது? வாய் இருக்குல்லா? நாளைக்குக் காலையில கதவுகிட்ட வாரும்."

சுடலைமணி திட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் ஆறு மணிக்கு, வேலைக்குப் போகிறவர்கள் நான்காம் கதவு வழியாக வரிசையாக நுழைந்துகொண்டிருந்தார்கள். சுடலைமணி ஓரமாக நின்று, "இந்தக் கதவுக்குள்ள ஜெரால்டுன்னு ஒரு பையன் இருந்தான். பாக்காமலே மூடச் சொன்னேன். நான்தான் கொன்னேன்" என்றார். குரல் எழும்பவில்லை.

"சத்தமா சொல்லும்" என்றாள் ஆக்னஸ்.

சத்தமாகச் சொன்னார். இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். வாய்ப்பேச்சுதானே என்று போய்விட்டார்கள். அடுத்த நாளும் வரச் சொன்னாள், வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல், கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். அன்றைக்கும் அவள் விடவில்லை. அவர் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவளுக்குள் தீ கொஞ்சமும் அடங்கவில்லை. ஆனாலும் தம்பியின் பெயர் அந்தக் கதவுக்கு முன்னால் நாள் தவறாமல் ஒலித்தது, அதை அவள் விடத் தயாராக இல்லை.

இருபதாம் நாளோ என்னவோ, பம்பு அறைக்குப் புதிதாக வந்த தொழிலாளி ஒருவன் சோற்றுப் பாத்திரத்தோடு நின்றுவிட்டான். முழுவதையும் கேட்டான். பிறகு ஆக்னஸிடம் திரும்பி, "நெசமாவாக்கா? நீங்க யாரு?" என்றான்.

"அவனோட அக்கா" என்றாள் ஆக்னஸ்.

அவன் அவள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அதை நம்புவதற்கும் அவனிடம் வழி எதுவும் இருக்கவில்லை.