வட்டத்தில் ஓர் இடைவெளி

அவளும் கணவனும் அரங்கத்துக்குள் நுழைந்தபோது வெளியே உச்சி வெயில். உள்ளே கறுப்புத் திரைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். கதவு மூடியதும் வெயில் என்பது போன வருஷத்துச் சங்கதி போல ஆகிவிட்டது. நெடுநாள் மூடிக்கிடந்த மெத்தை இருக்கைகளின் வாசனை, ஈரத் தூசி, அதற்கும் அடியில் எப்போதோ கருகிய வயரின் நெடி.

"இருட்டுதான் உங்க ஆபீஸ்னு சொன்னாங்க மேடம். அதான் ரெடியா வெச்சிருக்கேன்," என்றார் மேனேஜர். சொல்லிவிட்டு அவர் மட்டும் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

தொழிலில் எல்லோரும் அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். லேசர் காட்சி நடத்தும் எந்திரத்துக்குள் கட்டைவிரல் பருமனில் இரண்டு மோட்டார்கள் இருக்கும்; கால்வோ என்பார்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் நகத்தளவு கண்ணாடி. ஒன்று ஒளியை இடவலமாக அசைக்கும், மற்றது மேலும் கீழுமாக. இரண்டும் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் துடிப்பதால்தான் ஒற்றைப் புள்ளி சுவரில் பூவாகவும் பறவையாகவும் விரிகிறது. துடிப்பு நின்றால் பூவும் இல்லை, பறவையும் இல்லை. ஊசி போல ஒரே இடத்தில் குத்தி நிற்கும் ஒளி மட்டும்தான். அந்த இடத்தில் ஒரு கண் இருந்துவிட்டால், அதற்கப்புறம் அந்தக் கண்ணுக்கு எதுவும் இல்லை.

மாலையில் அங்கே பள்ளி ஆண்டு விழா. பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வரிசைகளுக்கு நடுவே ஒளி பாய வேண்டும் என்று பள்ளியில் ஆசைப்பட்டார்கள். பாயலாமா, கூடாதா என்று சொல்ல வேண்டியவள் அவள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி அவளுடைய மகள்.

"இதைக் கடைசியா யாரு பார்த்தது?" அரங்கத்து எந்திரத்தின் மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"முன்னாடி ஒருத்தர் இருந்தார்." மேனேஜர் தரையைப் பார்த்தார். "இப்ப இல்லை."

காற்றில் ஒளி தெரிவதற்காகப் போடும் புகை மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்த கணவன் இருக்கைகளைச் சுற்றிப் பார்த்தான். "நான் போடுற புகையில இன்னிக்கு இந்த ஹால்ல ஒரு கொசு மிஞ்சாது."

"கொசு கிடக்கட்டும். பொண்டாட்டியை மிச்சம் வைங்க, போதும்."

மின்சாரம் கொடுத்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நல்ல கால்வோ தேனீ போல ரீங்கரிக்கும். ஒன்று அப்படித்தான் பாடியது. மேலும் கீழும் அசைக்க வேண்டிய மற்றது, தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பது போல நறநறத்தது. அது சுதாரிப்பதற்குள் சேஃப்டி போர்டு ஒளியை வெட்டிவிட்டது. கண்ணாடி கொஞ்சம் தடுமாறினாலும் வெட்டிவிடும். அதன் வேலையே அதுதான். மறுபடி போட்டாள். மறுபடி வெட்டியது.

ஒளி நிற்காமல் எதைப் பார்ப்பது? சின்னத் துண்டு வயரை எடுத்து போர்டின் இரண்டு முனைகளையும் இணைத்தாள். இனி எது நடந்தாலும் ஒளி அணையாது. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், சரிபார்க்கும் நேரத்துக்கு மட்டும்.

"கழட்ட மறந்துடாதே," என்றான் கணவன்.

"மறந்தா ஞாபகப்படுத்தத்தானே உங்களைக் கட்டிக்கிட்டேன்."

பின்சுவரில் பச்சை நிறத்தில் ஒரு சதுரம் எழுந்தது, அதற்குள் ஒரு வட்டம். வட்டம் சதுரத்தின் நான்கு பக்கங்களையும் தொட்டுக்கொண்டு நின்றால் கால்வோ சொன்னபடி கேட்கிறது என்று அர்த்தம். திருகுகளைத் துளித்துளியாகத் திருப்பினாள். வட்டம் பக்கங்களைத் தொட்டது.

ஆனால் அடியில் ஓர் இடத்தில் கோடு அறுந்திருந்தது.

கண்ணாடிகளைத் துடைத்தாள். இடைவெளி போகவில்லை. மோட்டார்களை ஓட்டும் டிரைவர் போர்டுகளை மாற்றி மாட்டினாள். போகவில்லை. கடைசியாகப் படத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினாள். சதுரம் நகர்ந்தது. வட்டம் நகர்ந்தது.

இடைவெளி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்படியானால் கோளாறு எந்திரத்தில் இல்லை. எந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஏதோ மறைக்கிறது. அவள் எழுந்து பார்த்தாள். வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள்.

"புகை போடுங்க," என்றாள். குரல் தானாகத் தாழ்ந்திருந்தது.

வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்து இருக்கைகளின் மேல் ஏறியது. அவள் படத்தை அணைத்து ஒரே ஒரு படுக்கைக் கோடு வரைந்தாள். காற்றில் ஒளி ஒரு பச்சைத் துணி போல விரிந்தது, உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில். அசையாத குளத்தின் மேற்பரப்பு போல அழகாக இருந்தது.

அந்தக் குளத்தில் ஒரு கறுப்புப் பட்டை. மூன்றாவது வரிசையில் தொடங்கி பின்சுவர் வரை நீண்டிருந்தது.

நிழல்.

அது தொடங்கிய இருக்கையில் யாரும் இல்லை.

"என்னம்மா அது?" கணவன் கிசுகிசுத்தான்.

வாசலில் நின்ற மேனேஜர்தான் பேசினார்.

"மூணாவது வரிசைதானே?"

அவர் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் வரிசைகள் தெரியாது.

"அவர் அங்கதான் உட்காருவார் மேடம். ஜனங்க கண்ணுல எப்படி விழுதுன்னு பார்க்கணும்பார். ஒரு நாள் ஏதோ வயரைப் போட்டுட்டு, கழட்டாமலே போய் உட்கார்ந்துட்டார். கண்ணாடி நின்னுடுச்சு." மேனேஜர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு கண்ணும் போச்சு. அப்புறம் ரொம்ப நாள் உயிரோட இருக்கலை. ஆனா கடைசி வரைக்கும் இங்கதான் வந்து உட்கார்ந்திருந்தார். என்ன பண்றீங்கன்னு கேட்டா, கண்ணைத் தேடுறேன்னு சொல்வார்."

வயர். அவள் கை போர்டை நோக்கிப் போனது.

"அம்மா! என் இறக்கை எப்படி இருக்கு?"

பக்கவாட்டுக் கதவு வழியாக மகள் ஓடிவந்தாள், ஒத்திகைக்குப் போட்ட பட்டாம்பூச்சி உடையோடு. அந்தக் கதவைப் பூட்ட யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளை நேராக நான்காவது வரிசையில் புகுந்து, அந்த இருக்கைக்குப் பின் இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தது.

நறநறப்பு நின்றது.

தேனீயும் நின்றது.

பச்சைக் குளம் சுருங்கி ஒரே கம்பியாயிற்று. அசையாத, தடித்த கம்பி. அது மகளின் முகத்தை நோக்கி நேராகப் போனது.

போய்ச் சேரவில்லை.

மூன்றாவது வரிசையில், வெறும் காற்றில், வெட்டி வைத்தாற்போல முடிந்திருந்தது. முடிந்த இடத்தில் புகை மெல்லச் சுழன்றது, யாரோ மூச்சு விடுவது போல.

அவள் கத்திக்கொண்டே சிவப்புப் பட்டனை அடித்தாள். இருட்டு. கணவன் இருக்கைகளைத் தாண்டித் தாண்டி ஓடும் சத்தம். விளக்கு எரிந்தபோது பிள்ளை அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா கத்தினே? எனக்கு எதுவுமே தெரியலையே. முன்னாடி ஒரே இருட்டா இருந்துச்சு."

வயரைக் கணவனே பிடுங்கி எறிந்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். நின்றுபோன கால்வோவை விரலால் திருப்பிப் பார்த்தாள். துருப்பிடித்த பூட்டு போல இறுகிக் கிடந்தது. கைவசம் இருந்த புதிய ஜோடியை மாட்டினாள். சுவரில் வட்டம் எழுந்தது, முழுசாக. ஓர் இழை கூட அறுந்திருக்கவில்லை.

மூன்றாவது வரிசையைப் பார்த்து, உதடு மட்டும் அசைய நன்றி சொன்னாள்.

விழாவில் ஒளியைத் தலைகளுக்கு மிக மேலே, கூரையை ஒட்டித்தான் ஓடவிட்டாள். பள்ளியில் முகம் சுளித்தார்கள். அவள் அசைந்து கொடுக்கவில்லை. மகள் நன்றாக ஆடினாள். கிளம்பும்போது பழைய கால்வோவை அவள் பையில் போடுவதைக் கணவன் பார்த்துவிட்டான்.

"அந்தச் சனியனை ஏன் வீட்டுக்குக் கொண்டுவரே?"

"உள்ள இருக்கிற காந்தமாவது உதவும்," என்றாள். கெட்டுப்போன கால்வோவை இந்தத் தொழிலில் யாரும் எறிவதில்லை.

காலையில் அதை வேலை மேஜையின் மேல் வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். வயர் கிடையாது, மின்சாரம் கிடையாது. ஜன்னல் வெயில் அந்த நகத்தளவு கண்ணாடியில் பட்டு, எதிர்ச் சுவரில் சின்னப் புள்ளியாய் விழுந்திருந்தது. மகள் பல் துலக்கியபடி அறையைக் கடந்து போனாள்.

புள்ளியும் போனது.

மகள் நின்றாள். புள்ளி நின்றது. ஏதோ மறந்தவள் போல மகள் திரும்பி நடந்தாள். புள்ளியும் திரும்பியது. இறுகிப்போன அந்தக் கால்வோ, எண்ணெயில் மிதப்பது போல வழுவழுப்பாக அசைந்துகொண்டிருந்தது. புள்ளி சுவரைவிட்டு மகளின் தோளுக்குத் தாவியது, கன்னத்துக்கு ஏறியது, தடவித் தடவி, வழி தெரியாத விரல் போல.

கண்ணில் வந்து நின்றது.

"அம்மா, கூசுது."

டீ டம்ளர் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அவள் பாய்ந்து போய், மகளின் முகத்துக்கும் மேஜைக்கும் நடுவில் கையை விரித்து நீட்டினாள்.

கையின் மேல் வெளிச்சம் விழவில்லை.

திரும்பிப் பார்த்தாள். புள்ளி மகளின் கண்ணிலேயே இருந்தது.