ஏழாம் இழையில் சிவப்பு

அன்று காலை பதினொரு மணிக்கு இயந்திர அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசையின் தலைப்பக்கத்தில், ஏசிக் காற்று நேராக முகத்தில் படும் இடத்தில், மேலாளர். அவருக்கு எதிரே, தூரம் அளக்கும் பெட்டியை மடியில் வைத்தபடி, சோதனை பார்க்கும் பெண். மூலையில் கணினிக்கு முன்னால், கடிதம் எழுதுபவள். கதவை ஒட்டி, இறந்துபோன ஜாயின்டரின் மனைவி. உட்காரச் சொல்லும் மரியாதை மேலாளருக்குக் கால்மணி நேரம் கழித்துத்தான் வந்தது.

ஐந்தாவது நாற்காலி காலி. அது கேபிள் இழைகளை ஒட்டவைக்கும் ஜாயின்டருடையது.

மேலாளருக்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் 'ஆச்சா'. யார் என்ன வேலை செய்தாலும் பின்னால் வந்து நின்று, "ஆச்சா?" என்பார். கண்ணாடி இழைக்கும் கொடிக்கயிற்றுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். ஆச்சா என்று கேட்க அதெல்லாம் எதற்கு? தன் அறையில் ஏசி கெட்டுவிட்டது என்பதற்காகவே, புருஷனைப் பறிகொடுத்தவளை இயந்திரங்களுக்கு நடுவே வரவழைத்திருந்தார்.

அந்த அறையிலிருந்து புறப்படும் கேபிள், தெருவுக்கு அடியில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது மீட்டர் ஓடி, ஒரு பாதாளக் குழியில் முடிகிறது. உள்ளே பன்னிரண்டு இழைகள், ஒவ்வொன்றும் தலைமுடி தடிமன். இங்குள்ள இயந்திரம் பேச்சையும் படத்தையும் ஒளித்துடிப்பாக மாற்றி அனுப்பும். ஒளி கண்ணாடிக்குள்ளேயே பட்டுப் பட்டுத் தெறித்துப் போய்ச் சேரும். அங்குள்ள இயந்திரம் அதைத் திரும்பப் பேச்சாக்கும். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைத் தின்றுவிடும். அதனால்தான், 'இழை முனையைக் கண்ணில் வைக்காதே' என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

ஏழாம் இழை மட்டும் உபரி. இரு முனையிலும் இயந்திரம் கிடையாது. ஜாயின்டர் அதைத் தன் சைகைக்கு வைத்திருந்தார். குழிக்குள் இறங்கியதும், உடைசல் தேடும் சிவப்பு விளக்குப் பேனாவை அதன் முனையில் மாட்டுவார். இந்த அறையில், அந்த இழை வந்து முடியும் துளையில் சிவப்பு தெரியும்: மூன்று மின்னல், ஒரு நிறுத்தம், மூன்று மின்னல். 'உள்ளே ஆள் இருக்கிறது' என்று அர்த்தம். அது அணைந்த பிறகுதான் குழியை மூட வேண்டும்.

பதினேழு நாளுக்கு முன் அது மின்னிக்கொண்டுதான் இருந்தது.

"சார், இன்னும் மின்னுது," என்றாள் சோதனைப் பெண், இரண்டு தடவை.

"அணைக்க மறந்துட்டுப் போயிருப்பான். தார் வண்டி காத்துட்டு நிக்குது. மூடச் சொல்லு."

மூடினார்கள். மேலே தாரும் போட்டார்கள். மாலை நான்கு மணி வரை சிவப்பு மின்னியது. பிறகு நின்றது. "பாத்தியா, பேட்டரி தீந்துபோச்சு," என்று சிரித்தார் ஆச்சா. கடிதம் எழுதுபவள் அப்போதும் இதே மூலையில்தான் இருந்தாள். வாய் திறக்கவில்லை. ஆச்சாவை வெறுத்த அளவுக்குத் தன்னையும் அன்றிலிருந்து வெறுத்தாள்.

இப்போது தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டிருந்தது. தவறு ஜாயின்டருடையது என்றால், அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இந்த மாதமே அலுவலகக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும்.

ஆச்சா சொல்லச் சொல்ல, கடிதம் எழுதுபவள் தட்டினாள். "சைகை எதுவும் காணப்படவில்லை. விதியை மீறி அவர் உள்ளேயே தங்கிவிட்டார். ஆச்சா?"

"சார், சிவப்பு எரிஞ்சா அவர் உள்ள இருக்கார்னு எல்லாருக்கும் தெரியுமே," என்றாள் ஜாயின்டரின் மனைவி.

"உனக்கு என்னம்மா தெரியும்? சும்மா உக்காரு."

அப்போதுதான் அந்த வாடை வந்தது. ஈரமண்ணும் சூடான தாரும். ஏசிக் காற்றில்.

ஏழாம் இழையின் துளை சிவந்தது.

மூன்று. நிறுத்தம். மூன்று.

"அண்ணி," என்று கிசுகிசுத்தாள் சோதனைப் பெண், "அது அண்ணனோட சைகை."

"எவனோ விளையாடுறான். அளந்து பாரு!"

அவள் ஏழாம் இழையின் மெல்லிய வயரைப் பெட்டியில் சொருகினாள். பெட்டி ஒரு துடிப்பை அனுப்பி, அது முட்டித் திரும்பும் நேரத்தை வைத்துக் கண்ணாடி எங்கே முடிகிறது என்று சொல்லும்.

"ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது வரணும் சார். ஆயிரத்து எழுநூறு காட்டுது."

மறுபடி அழுத்தினாள்.

"தொள்ளாயிரம்."

மறுபடி.

"நூத்தி இருபது. நம்ம வாசல்."

அவள் விரல் தானாக அழுத்தியது.

"ரெண்டு மீட்டர்."

பெட்டியிலிருந்து இரண்டு மீட்டரில் இருந்தது அந்தக் காலி நாற்காலி.

"பொட்டி கெட்டுப்போச்சு, கூடவே உங்க புத்தியும்!" ஆச்சா வயரைப் பிடுங்கி முனையை முகத்துக்கு நேரே தூக்கினார்.

"சார், கண்ணுல வைக்காதீங்க!"

"எனக்கே பாடமா?"

வைத்தார்.

வயர் கையிலிருந்து நழுவியது. "அந்தப் பக்கம்... ஒரு கண்ணு..." என்றார் மிகச் சன்னமாக. உடனே கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். "ஒண்ணுமில்ல. லெட்டர் ஆச்சா?"

கடிதம் எழுதுபவள் பழையதை அழித்தாள். பள்ளிக்கூடத்தில் கற்றபடி, தேதி, நேரம், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் சைகையைப் பார்த்தார்கள், யார் மூடச் சொன்னார் என்று வரிசையாக எழுதி அச்செடுத்து நீட்டினாள்.

ஆச்சா தாளை இடப்பக்கம் நகர்த்தினார், வலப்பக்கம் நகர்த்தினார், மூக்கருகே கொண்டுபோனார். பார்க்கும் இடத்தில் எல்லாம் ஏதோ ஒரு புள்ளி வந்து உட்கார்ந்துகொள்வது அவளுக்குப் புரிந்தது.

"நான் படிக்கட்டுமா சார்?"

"ஏன், எனக்குப் படிக்கத் தெரியாதா?"

கோட்டுக்கு அரை அங்குலம் கீழே கையெழுத்துப் போட்டார்.

உறையில் போட்டாள். பசை தடவிக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். வாசலில் நின்ற தபால்காரரிடம் கொடுத்தாள். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியது.

"ஆச்சா?"

"ஆச்சு சார்," என்று திரும்பினாள்.

ஏழாம் துளையை மூடியாயிற்று, பெட்டியும் அணைந்திருந்தது. அறையில் சிவப்பு என்று எதுவும் இல்லை, ஆச்சாவின் வலது கருவிழியைத் தவிர.

மூன்று. நிறுத்தம். மூன்று.

உள்ளே ஆள் இருக்கிறது.