திருப்பி வைக்காத செருப்பு

அம்மா ஒரே ஒரு தடவை திரும்பி வருவதைப் பற்றிப் பேசிவிட்டால் போதும். வேறெதுவும் வேண்டாம். சாயங்காலம் எப்போது கரைக்கு வருவோம், நனைந்த துணியை எங்கே மாற்றுவோம், பிடித்த மீனை யார் சுத்தம் செய்வது என்று ஏதாவது ஒன்று.

கட்டிலருகே சூப்புக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த மகள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா சிரிப்பாள். பக்கவாதம் வந்த பிறகு அம்மாவின் சிரிப்பு முகத்தின் ஒரு பாதியில் மட்டும்தான் வந்தது. மறு பாதி அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

ஏரிப் பயணத்தை ஆரம்பித்துவைத்தது மகள்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அம்மா பேசவும் மறுத்தாள், சாப்பிடவும் மறுத்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னலையே பார்த்துக் கிடந்தாள். ஒருநாள், என்ன சொல்வதென்று தெரியாமல், “ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போலாமாம்மா? மீன் புடிக்க?” என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தாள். அம்மாவின் கண் திரும்பியது. வாய் திறந்தது. கரண்டி உள்ளே போயிற்று.

அந்த ஏரியின் படகுத்துறையில்தான் அம்மா தலை நரைக்கும்வரை துடுப்புப் படகுகளை வாடகைக்கு விட்டாள். காற்று எந்த மூலையிலிருந்து வந்தால் எந்தப் பக்கம் மீன் ஒதுங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சாப்பாடு இறங்கவேண்டும் என்பதற்காக மகள் ஒவ்வொரு சாயங்காலமும் கேள்வி கேட்டாள், அம்மா பதில் சொன்னாள். புழுவை ஈரமண்ணோடு டப்பாவில் போட வேண்டும். தக்கை சின்னதாக இருக்க வேண்டும். மகள் முன்பக்கம் உட்கார வேண்டும், அம்மா பின்பக்கம். ஞாயிற்றுக்கிழமை வரும்போது மகள் மழை என்பாள், காற்று என்பாள், வண்டி கிடைக்கவில்லை என்பாள். அம்மாவும் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளவில்லை. “சரி, தண்ணி எங்கயும் ஓடிடாது” என்பாள்.

பேச்சு நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தது. மாத்திரையின் பேரைக் கேட்டால் குழறும் நாக்கு, ஏரியைப் பற்றி என்றால் வெண்ணெயாக வழுக்கியது. மகளுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர்கள் போடும் திட்டத்தில் கரையை விட்டுக் கிளம்புவது இருக்கிறது, நடு ஏரி இருக்கிறது, அதற்கப்புறம் எதுவுமே இல்லை என்பது உறைக்கும்வரை.

போன வாரம் செருப்பு வைத்ததுதான் தப்பு.

படகுத்துறையில் ஒரு வழக்கம் இருந்தது. படகில் ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றித் துறைப் பலகையின்மேல், நுனி தண்ணீரைப் பார்த்தபடி விட்டுவிட்டுப் போக வேண்டும். படகு கரையைத் தொட்டதும் அம்மா வந்து தன் கையாலேயே அந்தச் செருப்பை நிலத்தைப் பார்க்கத் திருப்பி வைப்பாள். அதற்குப் பிறகுதான் கால் நுழைக்கலாம். இருட்டுகிற நேரத்தில் பலகையை ஒரு பார்வை பார்த்தால் போதும், ஏரிக்குள் யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். சின்ன வயதில் அவள் சும்மா விளையாட்டுக்குக் கூட அப்படிச் செருப்பை விட்டதில்லை. விட்டால் அறை விழும். “ஏறாதவ செருப்பு அங்க இருக்கக் கூடாதுடி. பாக்கிறவங்களுக்கு நீ தண்ணில இருக்கேன்னுதான் கணக்கு.”

பார்க்கிறவர்கள் யார் என்று அவள் அன்று கேட்டதில்லை.

அந்த அம்மாதான் போன வாரம், மருந்து குடிக்க மாட்டேன் என்று முரண்டுபிடித்த ஒரு மாலையில், “செருப்பை வை, குடிக்கிறேன்” என்றாள். மகள் சிரித்துக்கொண்டே தன் ரப்பர் செருப்பைக் கழற்றி, கட்டிலின் ஓரமாக, ஜன்னலைப் பார்க்க வைத்தாள். அம்மா ஒரே மடக்கில் மருந்தைக் குடித்துவிட்டுக் குழந்தைபோலத் தூங்கிப்போனாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் லென்ஸ் தேய்த்துவிட்டு வந்த அலுப்பு மகளுக்கு. ஒரு நாளாவது சண்டையில்லாமல் முடிந்ததே என்று விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். செருப்பைத் திருப்பி வைக்கவில்லை.

மறுநாள் காலையில் செருப்பு நனைந்திருந்தது. குவளை கவிழ்ந்திருக்கும் என்று துடைத்தாள். அதற்கு மறுநாளும் நனைந்திருந்தது. அவள் அதை வாசலுக்குக் கொண்டுபோய்ப் போட்டாள். சாயங்காலம் கடையிலிருந்து வந்து பார்த்தபோது கட்டிலோரம் இருந்தது, ஜன்னலைப் பார்த்தபடி, வாரில் ஒரு பச்சை இழை ஒட்டிக்கொண்டு.

இன்று அவள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற பெண். இன்று பல்லைக் காணோம்.

“அக்கா, நாளையிலேர்ந்து வேற ஆளப் பாத்துக்கோங்க.”

“என்னாச்சு? அம்மா திட்டினாங்களா?”

“திட்டினாக்கூடப் பரவால்ல. எங்க மாமியார் வசவக் கேட்டவ நான், இதெல்லாம் எனக்குத் தாலாட்டு.” சொல்லிவிட்டு உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். குரல் இறங்கியது. “காலைல துணி மாத்தறப்போ தலை ஈரமா இருக்குக்கா. நான் குளிப்பாட்டவே இல்ல. கால் விரல் இடுக்குல சேறு. எந்திரிச்சு நிக்க முடியாதவங்க, சேறு எங்கேர்ந்து வரும்?”

மகள் அவள் தோளுக்குமேலே அம்மாவின் அறையை எட்டிப் பார்த்தாள்.

“நீங்கதான் ஏரி, படகுன்னு ஏத்திவிட்டுட்டீங்க. இன்னிக்கு மதியம் நான் கால்மாட்டுப் பக்கமா கட்டில்ல சாஞ்சேன், முதுகு வலிக்குதேன்னு. ‘அது என் பொண்ணு உக்காந்திருக்கிற எடம், எந்திரி’ங்கறாங்க. சும்மா சொல்றாங்கன்னு பாத்தா...” நர்ஸ் தன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். “யாரோ நகந்தாங்கக்கா.”

நர்ஸ் போன பிறகு மழை பிடித்தது. இருட்டுவதற்கு இன்னும் நேரமிருந்தும் வானம் அடைத்துக்கொண்டு வீட்டின் மூலைகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கறுத்தன. மின்சாரம் போயிற்று. அடுப்பங்கரையில் சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது அம்மாவின் அறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது, மரத்தில் மரம் உரசி, கொஞ்சம் நின்று, மறுபடி உரசுகிற சத்தம், கூடவே யாரோ உள்ளங்கையால் தண்ணீரை மெல்ல மெல்லத் தட்டுவதுபோல ஒன்று. ஜன்னல் கதவாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த அறையில் ஜன்னல் கதவு இரும்பு.

கிண்ணத்தோடு போய் உட்கார்ந்தாள். அறையில் பாசி வாடை, மதகுக்கு அடியில் தேங்கிய தண்ணீர் வாடை. அம்மாவின் தலையணை ஈரமாக இருந்தது. கட்டிலின் கால்மாட்டை அவள் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று உள்ளே வரும்போதே முடிவெடுத்திருந்தாள்.

“கெண்டை” என்றாள் அம்மா. ஒரு இடத்தில் நிலையாக இருக்காமல் துள்ளுவாள் என்று சின்ன வயதில் வைத்த பேர். “இன்னிக்குக் காத்தே இல்ல, பாத்தியா. ஏரி கண்ணாடி மாதிரி கெடக்கும்.”

“மழை பெய்யுதும்மா.”

“மேலதான பெய்யுது.”

அவள் கரண்டியை நீட்டினாள். இதற்குமேல் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை.

“அம்மா, நாம எப்போ திரும்பி வருவோம்?”

அம்மா சூப்பை விழுங்கினாள். பாதி முகம் யோசித்தது.

“திரும்புறதுக்கு என்னடி திட்டம் வேண்டிக்கெடக்கு? போறதுக்குத்தான் தொணை வேணும்.”

“நான் கடைக்குப் போகணும். திங்கக்கிழமை வேலை இருக்கு.”

“அது சரி. ஊரு ஒலகத்துக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுற. பெத்தவள நேராப் பாக்க மாட்டேங்கிற.” குரலில் கோபமில்லை, பழைய கிண்டல்தான். பிறகு அதுவும் போய்விட்டது. “தனியா போக எனக்குப் பயமா இருக்குடி.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை மாதமும் அவள் காத்திருந்தாள் என்று இப்போது தோன்றியது. அம்மா தன்னிடம் ஏதாவது ஒன்று கேட்க வேண்டும், வேலைக்காரியிடம் கேட்பதுபோல இல்லாமல் மகளிடம் கேட்பதுபோல. கேட்டுவிட்டாள். ‘வர்றேம்மா’ என்று சொல்ல நாக்கு எழுந்துகூட விட்டது. அந்தச் சொல்லின் மறுபக்கம் எவ்வளவு ஆழம் என்று யாருக்குத் தெரியும்?

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். குனிந்து செருப்பைப் பிடித்தாள். திருப்பி வைத்துவிட்டால் போதும். கரைக்கு வந்தாயிற்று, கணக்கு முடிந்தது. ரப்பர் செருப்பு, எடையே இல்லாதது. நகரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். அது தரையோடு ஒட்டியிருக்கவில்லை. உள்ளே கால் இருக்கிற செருப்புபோலக் கனத்தது.

கையை எடுத்துவிட்டாள்.

எழுந்தாள். கூடத்துக்கு நடந்தாள். வாசல் தாழ்ப்பாளை நீக்கினாள். கதவு திறந்தது. தெரு இருந்தது. எதிர்வீட்டில் யாரோ மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நனைந்தபடி போனான். படியிறங்கிவிடலாம். யாரும் தடுக்கவில்லை. அதுதான் கொடுமை. தடுத்திருந்தால் ஓடியிருப்பாள்.

“கெண்டை...”

வெறுங்காலோடு படியில் நின்றாள். மழை முகத்தில் அடித்தது. முகத்தில் அடித்த மழை அவளுக்கு உறைக்கவே இல்லை என்பது சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது. குளிரவில்லை. நனைந்த மாதிரியும் இல்லை. ஏற்கனவே நனைந்திருப்பவளுக்கு மழை எப்படித் தெரியும்? கையைத் தூக்கிப் பார்த்தாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன, வெகுநேரம் தண்ணீருக்குள் ஊறியதுபோல.

சைக்கிள்காரன் அவள் இருந்த பக்கம் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. திறந்து கிடக்கும் கதவைத்தான் பார்த்தான். போய்விட்டான்.

அவள் திரும்பி உள்ளே வந்தாள்.

கூடத்தின் தரை காலுக்கடியில் லேசாக அமிழ்ந்து எழுந்தது. பலகைபோல. அறைவாசலில் தரை முடிந்துவிட்டிருந்தது. அதற்கு அப்பால் ஒரே கறுப்பு, பளபளவென்று. சுவர் இருந்தது. அலமாரி இருந்தது. ஜன்னல் இருந்தது. எல்லாம் தலைகீழாகவும் இருந்தன.

கட்டில் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டில், நான்கு சக்கரம். கால்மாட்டுப் பக்கம் வாசலை ஒட்டி நின்றது. தலைமாட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். தானாக, முதுகு நிமிர்ந்து. முகத்தின் இரண்டு பாதியும் சிரித்தது.

இப்போது அவள் கால்மாட்டைப் பார்த்தாள்.

முதுகு. குட்டையாகக் கட்டிய சடை. கடைக்குப் போட்டுக்கொண்டு போன அதே சாம்பல்நிறச் சட்டை. கழுத்தோரம் தையல் விட்ட இடத்தில் காலையில் அவள் குத்திக்கொண்ட ஊக்கு. முழங்கையில் வெள்ளையாக லென்ஸ் பொடி. சடை நுனியிலிருந்து சொட்டு. சொட்டு.

அவள் தன் கழுத்தோரம் தொட்டுப் பார்த்தாள். ஊக்கு இல்லை.

“எல்லாரும் ஏறியாச்சு” என்றாள் அம்மா. கால்மாட்டில் இருப்பவளிடம் சொல்லவில்லை. வாசலில் நிற்பவளைப் பார்த்துத்தான் சொன்னாள், துறையில் நிற்கும் கூலியாளிடம் சொல்வதுபோல, அன்பாக, அவசரமில்லாமல். “கட்டை அவுத்துவிடு.”

கயிறு எதுவும் இல்லை. கட்டிலைப் பிடித்துவைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். வாசல் பக்கத்துச் சக்கரத்தின் பிரேக். சின்ன இரும்புத் தகடு. காலால் தட்டினால் எழும்பிவிடும்.

அவள் மண்டியிட்டாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இதுவும் குளிரவில்லை.

தகடு எழும்பாதபடி அதன்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். கீழ்நோக்கி. உடம்பின் எடை முழுவதையும் போட்டு. கட்டில் இழுத்தது. பெரிய மீன் இழுப்பதுபோல, விட்டு விட்டு. கறுப்புக்குள்ளிருந்து மரத்தில் மரம் உரசியது.

தலைக்குமேலே, கைக்கெட்டும் தூரத்தில், சாம்பல்நிறச் சட்டை மெதுவாக அசைந்தது. சடை நகர்ந்தது. கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவள் திரும்பத் தொடங்கினாள். முதலில் காது. பிறகு கன்னத்தின் ஓரம், ஊறி, வெளுத்து. இருவரில் ஒருத்திதான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். எவள் என்று கேட்க இவளுக்குத் தைரியம் வரவில்லை.

“அவுத்துவிடுடி, கண்ணு. இருட்டுது பாரு.”

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையை எடுக்கவில்லை.

“மாட்டேம்மா” என்றாள், தனக்கே கேட்காத குரலில்.